எல்லா டிஸ்க்கும் ஓடுமா?

கோவில்பட்டியில் டிவிடி பிளேயர் விற்ற கடைகளில், 2000களின் முதல் பத்தாண்டில், அதிகம் கேட்ட கேள்வி "எல்லா சிடியும் ஓடுமா அண்ணாச்சி?" என்பதுதான். அடுத்தது, "லென்ஸ் போனா இங்கயே மாத்திக்கிடலாமா?" படம் எப்படித் தெரியும், சத்தம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதற்கப்புறம், பலர் அதைக் கேட்டதே இல்லை. எட்டயபுரம், கழுகுமலை, பசுவந்தனை என்று சுற்றுப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களின் கணக்கு அது. ஹோம் தியேட்டர் விஷயம் தெரிந்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்களிடம் வேறொரு பட்டியல் இருந்தது: எத்தனை பிட் டிஏசி (டிஜிட்டல் தகவலைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றும் பகுதி), புரோகிரசிவ் ஸ்கேன் உண்டா, டிடிஎஸ் உண்டா, பின்னால் தங்கமுலாம் பூசிய சாக்கெட்டா. அவர்களுக்கு முதல் கேள்வி பட்டிக்காட்டுக் கேள்வியாகப் பட்டது. டெக் வாடகைக்கு எடுத்துக் கோயில்கொடைக்கும் காதுகுத்துக்கும் விடிய விடியப் படம் போட்ட ஊர்கள்தானே, இவர்களுக்குத் தரம் என்ன தெரியும் என்ற தொனி. அந்த ஆண்டுகளை இப்போது நிதானமாக எண்ணிப் பார்க்கையில், கரிசல்காட்டு வாடிக்கையாளர் கேட்டதே சரியான முதல் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. சிக்கனத்துக்காகக் கேட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் படத்தின் தரமும் ஒலியின் தரமும் எங்கே கெடுகின்றன என்று வரிசையாகப் பார்த்தால், அவர் விரல் சரியான இடத்தில்தான் இருந்தது.

வீடியோ சிடியை எடுத்துக்கொள்வோம். 1993இல் வரையறுக்கப்பட்ட முறை அது. நம் தொலைக்காட்சிக்கு ஏற்ற வடிவில் குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளிகள். நொடிக்கு 1150 கிலோபிட் படத்துக்கு, 224 கிலோபிட் ஒலிக்கு. மொத்தம் 74 நிமிடம். அதனால் ஒரு தமிழ்ப்படத்துக்கு இரண்டு டிஸ்க், சில நேரம் மூன்று. இடைவேளை எங்கே என்பதை இயக்குநருக்குப் பதிலாக டிஸ்க் முடிவு செய்தது. இவ்வளவையும் ஒரு சிடிக்குள் அடைக்க ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கணினிக் கோப்புகள் எழுதும் சிடியில் ஒவ்வொரு பகுதியிலும் 2048 பைட் தகவலோடு கூடுதலான பிழைதிருத்தக் குறியீடும் இருக்கும். வீடியோ சிடியில் அந்தக் கூடுதல் காவலை நீக்கிவிட்டு, அந்த இடத்திலும் படத்தையே நிரப்பி 2324 பைட் ஆக்கினார்கள். அடிப்படைப் பிழைதிருத்தம் மட்டும் மிஞ்சியது. அது சுமார் 2.5 மில்லிமீட்டர் கீறல் வரைக்கும் சமாளிக்கும். பாட்டு சிடியில் அதைத் தாண்டிய கீறலிலும் பிளேயர் முன்பின் மதிப்புகளைப் பார்த்து இட்டு நிரப்பிவிடும். காது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. வீடியோ சிடியின் எம்பெக் படத்தில் அந்தச் சமாளிப்பு செல்லாது. அங்கே ஒவ்வொரு பிரேமும் முழுப்படமாக எழுதப்படுவதில்லை. ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு முழுப்படம். நடுவில் உள்ளவை எல்லாம் அதிலிருந்து என்னென்ன மாறியது என்ற குறிப்புகள். முழுப்படத்தில் ஒரு பிழை விழுந்தால் அடுத்த முழுப்படம் வரும்வரை அது பரவிக்கொண்டே போகும். கட்டம் கட்டமாகச் சிதறி, நாயகனின் பாதி முகத்தில் முந்தைய காட்சியின் சுவர் ஒட்டிக்கொண்டு நிற்பதை அந்தத் தலைமுறையில் பார்க்காதவர் இல்லை. "ஸ்டக் ஆகுது" என்று ஊரே சொன்ன அந்தக் கோளாறை விடப் பெரிய படக்கேடு எது? டிஏசி எத்தனை பிட்டாக இருந்தால் என்ன, டிஸ்க்கிலிருந்து வர வேண்டியது வரவில்லை என்றால் அது எதை மாற்றிக் கொடுக்கும்?

1996இன் கடைசியில் ஜப்பானில் வந்த டிவிடி இந்த விஷயத்தில் ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்கியது. அதன் பிழைதிருத்தம் 6 மில்லிமீட்டர் வரையுள்ள கீறலையும் சரிசெய்யும். ஆனால் சிடியின் தடங்கள் 1.6 மைக்ரான் இடைவெளியில் இருந்தன என்றால், டிவிடியில் அது 0.74. அவ்வளவு நெருக்கமான தடத்தை 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும், மெல்லிய கம்பிகளில் தொங்குகிற ஒரு சிறு லென்ஸும் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். இன்னொரு சிக்கலும் இருந்தது. வீட்டிலும் கடையிலும் எழுதிய சிடிகளில் இருக்கும் சாயம் சிடியின் 780 நானோமீட்டர் லேசருக்காகச் செய்யப்பட்டது. சிவப்பு லேசருக்கு அது சரியாகப் பிரதிபலிக்காது. ஆகவே தொடக்ககால டிவிடி பிளேயர்களில் ஒரே லேசர் வைத்தவை, விலை எவ்வளவு உயர்ந்ததானாலும், எழுதிய சிடியைப் படிக்க மறுத்தன. பின்னால் வந்த மலிவான சீனப் பெட்டிகள் இரண்டு லேசரோடு வந்ததால் எதையும் விழுங்கின. விலை கூடியது ஓடவில்லை, விலை குறைந்தது ஓடியது என்ற பேச்சு ஊரில் நிலைத்ததற்கு இப்படி ஒரு பௌதிகக் காரணம் உண்டு. கடைக்காரர்கள் அதை அறியாமல் விற்றார்கள் என்பது வேறு விஷயம்.

இனி ஊரைச் சேர்த்துப் பாருங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வரும் மேல்காற்று கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்றுதான் உழுது போட்ட கரிசலின் புழுதியைச் சன்னல் வழியே கொண்டுவந்து கொட்டுகிறது. கரிசல் மண் நனைந்தால் காலைப் பிடிக்கும். காய்ந்து பொடிந்தால் முகப்பூச்சு மாவைப் போல நைசானது. பிளேயரின் தட்டு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் உள்ளே போகிறது. லென்ஸின் மேல் படிகிற தூசி, போகிற ஒளியையும் திரும்புகிற ஒளியையும் இரண்டு முறை வடிகட்டுகிறது. மெக்கானிக் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைப்பார். அதற்கும் படியாவிட்டால் லென்ஸ் பகுதியில் இருக்கும் சின்னத் திருகைக் கொஞ்சம் திருப்பி லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டுவார். சில மாதம் ஓடும். அதன்பின் லேசரே தீர்ந்துபோகும். அப்போதுதான் இரண்டாவது கேள்வி தன் அருமையைக் காட்டும். சோனி கேஎச்எம்-313, சான்யோ எச்டி-62 போன்ற லென்ஸ்கள் பெயர் தெரியாத பெட்டிகளிலெல்லாம் பொதுவாக இருந்ததால் உதிரி எந்த மெக்கானிக்கின் மேசையிலும் கிடந்தது. மூன்று வருடம் கழித்தும் முதல்நாள் படத்தைத் தருமா என்பதும் படத் தரத்தின் ஒரு பகுதிதான். மதிப்புரை எழுதுகிறவர்கள் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதால் அது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். எல்லாம் ஓட வேண்டும் என்றால் திருட்டு டிஸ்க்கும் ஓட வேண்டும் என்றுதானே அர்த்தம்? ஆம், அதையும் சேர்த்துத்தான். 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்த காலம் அது. தியேட்டரில் கேமராவில் எடுத்த படம் வெள்ளிக்கிழமை இரவே ஊருக்குள் வந்ததை மறைத்துப் பேசிப் பயனில்லை. அந்த டிஸ்க்குகளை எந்த பிளேயரும் அழகாக்கியிருக்க முடியாது. ஆனால் கேள்வி அதோடு நின்றதில்லை. 2007இல் மோசர் பேர் நிறுவனம் முறையான உரிமையோடு வீடியோ சிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது, திருட்டு டிஸ்க்கை விடப் பெரிய விலை வித்தியாசம் இல்லாமல் அச்சடித்த டிஸ்க் கைக்கு வந்தது. பெட்டிக்கடையிலும் தொங்கிய பொருள் அது. அதற்குப் பிறகும் கேள்வி மாறவில்லை. காரணம், அச்சடித்த டிஸ்க்கும் வாடகைக் கடையில் கைமாறி, பிள்ளைகள் கையில் புரண்டு, சிமெண்டுத் தரையில் முகங்குப்புறக் கிடந்துதான் பிளேயருக்குள் போனது. திருட்டை ஒழித்தாலும் கீறல் இருக்கும்.

அடுத்து, திரை. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அந்த ஆண்டே அரசு வழங்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலம். தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிற குடும்பங்களிலும் மானாவாரிச் சம்சாரி வீடுகளிலும் பிளேயர் வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்தத் திரைக்குத்தான். நல்ல கண்பார்வை ஒரு பாகையை 60ஆகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்கும் என்பது பொதுவான கணக்கு. 8 அடி தள்ளி உட்கார்ந்தால் அந்த ஒரு பங்கு 0.7 மில்லிமீட்டர். 14 அங்குலத் திரையின் உயரம் சுமார் 21 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் கண் பிரித்தறியக்கூடியது ஏறக்குறைய 300 கோடு. வீடியோ சிடியில் 288 கோடு! டிவிடியின் 576 கோடுகளில் பாதி அந்த வீட்டில் யார் கண்ணுக்கும் எட்டாதவை. வேகமான சண்டைக் காட்சியில் வீடியோ சிடி பிசிறுவதும் வண்ணம் கலங்குவதும் 14 அங்குலத்திலும் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். டிவிடிக்கு அந்த மேன்மை உண்டு. ஆனால் இரண்டு டிவிடி பிளேயர்களுக்கு நடுவில் தேடிப் பார்க்கும்படி அந்தத் திரையில் எதுவும் மிஞ்சவில்லை.

பிளேயரிலிருந்து தொலைக்காட்சிக்குப் போன வயரும் அப்படியே. மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று முனைகளில் படம் முழுவதும் மஞ்சள் ஒன்றில் போகும். வெளிச்சத் தகவலையும் வண்ணத் தகவலையும் ஒன்றாகக் கலந்து அனுப்பி, மறுமுனையில் பிரிக்கப் பார்க்கும் ஏற்பாடு அது. முழுசாகப் பிரியாது. கட்டம் போட்ட சேலை திரையில் வந்தால் வானவில் நெளிவதும், சிவப்பு எழுத்தின் விளிம்பில் புள்ளிகள் ஊர்வதும் அதனால்தான். அதே பிளேயரில் பச்சை, நீலம், சிவப்பு என்று காம்போனன்ட் முனைகள் சும்மா கிடந்தன. தொலைக்காட்சியில் அதற்கு வாய் இருந்தால் சில நூறு ரூபாய் வயர் ஒன்று பிளேயரையே மாற்றியதைப் போன்ற முன்னேற்றத்தைத் தந்திருக்கும். பல வீடுகளில் பெரிய டிவி வந்த பிறகும் மஞ்சள் வயரே தொடர்ந்தது. விலைகூடிய பிளேயர் விற்றவர் வயரைப் பற்றி வாய் திறக்காதது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

சத்தத்துக்கு வந்தால் இந்த வாதம் இன்னும் வலுக்கிறது. அட்டைப்பெட்டியில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். டிவிடியில் வரும் சினிமா ஒலியோ 48 கிலோஹெர்ட்ஸ். டால்பி டிஜிட்டல் என்றால் அதிகபட்சம் நொடிக்கு 448 கிலோபிட்டுக்குச் சுருக்கப்பட்டது. பிளேயரிலிருந்து ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் வயரில் ஆம்ப்ளிஃபயருக்கு டிஜிட்டலாகவே கொடுத்துவிட்டால் பிளேயரின் டிஏசி வேலையே செய்வதில்லை. ஒலியை ஆம்ப்ளிஃபயர்தான் பிரித்து மாற்றுகிறது. அந்த இணைப்பில் ஆயிரத்துச் சொச்ச ரூபாய்ப் பெட்டிக்கும் இருபதாயிரத்துக்கும் ஒலியில் வித்தியாசம் தேடுவது வீண். ஹோம் தியேட்டர் செட்டுகளின் மேல் ஒட்டிய பிஎம்பிஓ எண்களோ தனிக்கூத்து. மூவாயிரம் வாட் என்று முகப்பில் போட்ட பெட்டியைத் திருப்பினால், 60 வாட் மின்சாரம் இழுக்கும் என்று பின்தகட்டில் இருக்கும்.

வீட்டில் ஒலியை உண்மையில் கெடுத்தவை வேறு. மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. மலிவானவை சதுர அலை கொடுப்பவை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்ளிஃபயர் அதில் இரைந்துகொண்டே இருக்கும். கேபிள் டிவி வயரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே டிவியில் செருகினால், இரண்டு வழிகளில் எர்த் ஏற்பட்டு சப்வூஃபரில் ஒரு 'ம்ம்ம்' எழும். கேபிளைப் பிடுங்கினால் நின்றுவிடும். கோடையில் கரிசல் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கிறபோது எர்த் குழியைச் சுற்றியுள்ள மண்ணும் கம்பியை விட்டு விலகுகிறது; அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது பம்புசெட் வைத்திருக்கிற சம்சாரிக்குத் தெரியும். அறை இன்னொன்று. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறுஞ்சுவர் கொண்ட 10க்கு 12 அடி அறையில் 56, 47 ஹெர்ட்ஸ் ஒலிகள் தேங்கி முழங்கும். அதோடு, கைதட்டினால் எதிரொலி படபடக்கும். வசனம் புரியவில்லை என்று பிளேயரை மாற்றியவர்கள் ஒரு பருத்தி மெத்தையைச் சுவரோரம் சாய்த்திருந்தால் போதும்; அதற்கு இந்த ஊரில் பஞ்சமும் இல்லை, 1891இலிருந்து மில் ஓடும் ஊர்.

செவிக்கு நுணுக்கம் தெரியாத மக்கள் என்று யாராவது சொன்னால் அதை ஏற்க மாட்டேன். நாயனக்காரர் காருகுறிச்சி அருணாசலம் குடியிருந்து, 1964இல் மறைந்த ஊர் இது. விளாத்திகுளம் சுவாமிகளைச் சுற்றி உட்கார்ந்து ராகம் கேட்ட மண். இடைசெவல் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் எழுத்துக்கு இணையாக இசையில் பித்துக்கொண்டவர்கள். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சியார் வாசித்ததைக் கேட்க இங்கே டிஸ்க் தேடியவர்கள் உண்டு. அது ஒற்றைத் தட ஒலிப்பதிவு. ஐந்து ஸ்பீக்கருக்கு அதைப் பிரித்துக் கொடுக்கிற பொத்தானை அழுத்தினால் நாயனம் அறையெங்கும் கரைந்துபோகும்; அணைத்துவிட்டு நல்ல ஒரு ஸ்பீக்கரில் கேட்பதே உத்தமம். இன்னொன்றையும் சுருதி சுத்தக்காரர்கள் கவனித்திருக்கக்கூடும். சினிமா நொடிக்கு 24 பிரேம். நம் தொலைக்காட்சி 25. வழக்கமாக, ஒன்றை மற்றதாக மாற்ற படத்தையே 4 சதவீதம் வேகமாக ஓட்டிப் பதிவுசெய்வார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதி அரைச்சுரத்தில் பத்தில் ஏழு பங்கு ஏறும். டிஸ்க் தயாரித்தவர் திருத்தாமல் விட்டதை எந்த விலையுயர்ந்த பிளேயரும் இறக்கிக் கொடுக்கவில்லை.

அப்படியானால் நல்ல பிளேயர் என்பதே ஏமாற்றா என்று கேட்கலாம். இல்லை. ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கோடுகளாக வரும் படத்தை முழுப்படமாகக் கோர்க்கும் வேலையில் பிளேயருக்குப் பிளேயர் பெரிய வித்தியாசம் இருந்தது. ஃபரூஜா சிப் வைத்த ஓப்போ பிளேயர்கள் 2005 வாக்கில் பேர் வாங்கியது அதனால்தான். வீடியோ பிரதியிலிருந்தே அச்சான தமிழ் டிவிடிகளில் அந்தக் கோர்வை இன்னும் கடினம். மோசமான பிளேயரில் தேர் வடம் ரம்பப் பல்லாகத் தெரியும். புரொஜெக்டரோ 40 அங்குலத்துக்கு மேலான திரையோ வைத்தவருக்கு அது கண்ணில் குத்தும், பணம் செலவழிக்கத் தகுந்த இடம். நான் சொல்வது வரிசையைத்தான். படிப்பது, வயர், மின்சாரம், அறை ஆகியவற்றைத் தாண்டி வந்தவருக்குத்தான் சிப்பின் மேன்மை தெரியும். 14 அங்குலத்துக்கும் மஞ்சள் வயருக்கும் அதை விற்பது, விதை முளைக்காத நிலத்துக்கு மேலுரம் விற்பதைப் போன்றது.

இன்று கடையில் டிஸ்க் பிளேயரே அரிதாகிவிட்டது. மோசர் பேர் 2018இல் கலைப்புக்குப் போனது. ஓப்போ அதே ஆண்டு பிளேயர் செய்வதை நிறுத்தியது, எல்ஜி 2024இல். இணையத்தில் வரும் 4கே படம் நொடிக்கு 15 மெகாபிட் அளவில் வருகிறது. 4கே புளூரேயில் அது 100ஐத் தாண்ட முடியும், ஒலியும் சுருக்கத்தால் எதையும் இழக்காமல் வரும். ஆகவே இன்றும் டிஸ்க் தேடுகிறவர் பைத்தியக்காரர் இல்லை. 55 அங்குலத் திரையை 8 அடியிலிருந்து பார்த்தால் பழைய கணக்குப்படி கண்ணுக்கு எட்டுவது 960 கோடு சொச்சம். டிவிடிக்கும் 1080 கோட்டுப் புளூரேக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்; புளூரேக்கும் 4கேக்கும் கோட்டளவில் தெரியாது. 4கே டிஸ்க்கில் கூடுதலாகக் கிடைப்பது எச்டிஆர் வெளிச்சமும் வண்ணமும். திரையால் எட்ட முடியாத வெளிச்சத்தை இறக்கிக் கொடுக்கும் வேலையில் பானசோனிக் யுபி820 போன்ற பிளேயர்கள் மற்றவற்றிலிருந்து உண்மையாகவே வேறுபடுகின்றன. அந்த வேலையை டிவியே ஒழுங்காகச் செய்தால் அந்தப் பணமும் மிச்சம். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர்கள் டிஸ்க் கொண்டுவரும் வீடென்றால் மண்டலக் குறியைப் பார்க்க வேண்டும்: இந்தியாவுக்கு டிவிடியில் 5, புளூரேயில் சி, வளைகுடாவுக்கு 2, பி, சிங்கப்பூருக்கு 3, ஏ. 4கே டிஸ்க்குக்கு மண்டலம் கிடையாது.

பழைய புளூரே பிளேயர் வாங்குகிறவர்கள் கூடவே இரட்டை அடுக்கு டிஸ்க் ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. ஒரு அடுக்கு முடிந்து மறு அடுக்குக்குத் தாவும்போது லென்ஸ் புதிதாகக் குவிய வேண்டும். தளர்ந்த லேசர் முதலில் தடுமாறுகிற இடங்களில் அதுவும் ஒன்று. படத்தின் நடுப்பகுதியைத் தாண்டும்வரை ஓடவிட்டுப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் வாங்க வேண்டாம். டிவிடி லென்ஸைப் போல புளூரே லென்ஸ் நம்மூர் மெக்கானிக்கின் மேசையில் கிடப்பதில்லை.